முட்டி வலி என்று சொன்னோம்

டைம் ட்ரையல் பைக் வாங்கப்போகிறேன் என்று சொன்னதும் எங்கள் தெருவில் பாதிப் பேர் அதை மோட்டார் வண்டி என்றே நினைத்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு அக்கா, "ஏனுங்க, லைசென்ஸ் எடுத்துப்போட்டீங்களா?" என்று கேட்டார். சைக்கிள்தான் என்று சொன்னபோது அவர் முகத்தில் வந்த இரக்கம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நாற்பதைத் தாண்டியவள், பள்ளிக்கூடத்தில் டீச்சர், மகன் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறான், வாசலில் கார் நிற்கிறது, இவளுக்கு ஏன் இந்த வயதில் சைக்கிள் என்ற இரக்கம் அது. சொன்னால் புரியாது என்று நான் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன். டைம் ட்ரையல் என்பது தனியாக ஓட்டும் பந்தயம். ஒருவர் கிளம்பிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்தவரை விடுவார்கள். யார் முதுகுக்குப் பின்னாலும் ஒளிந்துகொள்ள முடியாது. கடிகாரமும் காற்றும்தான் எதிராளிகள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை மதுக்கரைப் பக்கம் ஒருநாள் சைக்கிளில் சந்தித்துப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும். அந்தக் காற்றுக்குள் நுழைய, ஓட்டுகிறவர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கம்பிகளின் மேல் முழங்கைகளை ஊன்றி, முதுகைப் பலகை போலத் தட்டையாக்கிப் படுத்துக்கொள்ள வேண்டும். அதற்கென்றே செய்யப்பட்டதுதான் அந்த வண்டி.

முந்தின வருடம் எங்கள் வயதுப் பெண்களுக்கு மாநில அணித் தேர்வு நடந்தபோது நான் சாதாரண ரோடு பைக்கில் போய் மூன்றாவதாக வந்தேன். எடுத்தது இரண்டு பேரை. எனக்கு முன்னால் வந்த இருவரும் டைம் ட்ரையல் வண்டியில் வந்தவர்கள். காலையில் என்னோடு ஓட்டுகிறவர்கள் எல்லோரும், "காலுல ஒரு கொறையும் இல்லீங்க, வண்டிதானுங்க கொறை" என்று சொல்லிச் சொல்லி என்னை ஏற்றிவிட்டிருந்தார்கள். நானும் ஏறிவிட்டேன். இந்த முறை அந்த இரண்டு பேரில் ஒருத்தியாக நான் இருக்க வேண்டும், மாநிலத்தின் பெயர் போட்ட உடையை ஒரு தடவையாவது போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிற வயது எனக்கு இல்லை.

சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் சாலையில் அந்தக் கடை. நடத்துகிறவர் கோட்டைமேட்டுக்காரர், முப்பது வயதிருக்கும். சைக்கிளும் விற்பார், உடம்புக்கேற்றபடி அளந்து பொருத்தியும் கொடுப்பார். என்னை அக்கா என்றும் என் வீட்டுக்காரரை அண்ணா என்றும் கூப்பிட்டார். இரண்டு வண்டிகளை எடுத்துக் காட்டினார். ஒன்று கறுப்பு, முன்பக்கம் நன்றாகத் தாழ்ந்து, பார்த்தாலே பயமுறுத்தும்படி இருந்தது. இன்னொன்று வெள்ளை, ஒரு அளவு சின்னது, முன்பக்கம் கொஞ்சம் உயரம். எனக்குக் கறுப்பின் மேல்தான் கண். அவர் வெள்ளையைத்தான் சொன்னார்.

"எறக்கமா இருக்கறதுதான் வேகம்னு எல்லாரும் நெனைக்கறாங்க அக்கா. கடைசி வரைக்கும் எந்திரிக்காம படுத்திருக்க முடியற வண்டிதான் வேகமுங்க."

கணபதியில் பம்ப் செட்டுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் பட்டறை வைத்திருப்பவர் என் வீட்டுக்காரர். எந்தப் பொருளைக் கண்டாலும் விரலால் தட்டிப் பார்க்காமல் விடமாட்டார். வண்டியின் கழுத்தைத் தட்டி, "வெல்டிங்கே காணோமேங்க?" என்றார். கார்பன் இழையில் செய்த வண்டிக்கு வெல்டிங் கிடையாது என்று கடைக்காரர் சொன்னதும், ஏமாற்றப்பட்டவர் போல என்னைப் பார்த்தார். அப்படிச் சிரித்துக்கொண்டே வெள்ளையை எடுத்தோம். வண்டியைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு தப்பும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் அதில் ஏறி உட்கார்ந்த பிறகுதான்.

பொருத்திப் பார்க்கும் நாளுக்கு உடம்போடு ஒட்டிய உடைதான் வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். போட்டிக்குப் போடும் உடையையே போட்டுக்கொண்டு போனேன். ஆனால் அதற்கு மேல் என் வீட்டுக்காரருடைய தொளதொளப்பான டீ-ஷர்ட்டையும் மாட்டிக்கொண்டேன். அது தொடைவரை தொங்கியது. பின் சக்கரத்தை ஒரு தாங்கியில் பூட்டி, வண்டியைக் கடையின் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு கேமரா, எதிரே திரை. ஹெல்மெட் வாங்க வந்த இரண்டு ஐ.டி. பையன்கள் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"அக்கா, டீ-ஷர்ட்டக் கழட்டிட்டா இடுப்பும் முதுகும் கேமராவுல நல்லாத் தெரியுமுங்க" என்றார் கடைக்காரர்.

நான் பதில் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர், "பரவாயில்லீங்க, அப்படியே பாத்துக்கலாமுங்க" என்றார்.

"சரிங்கண்ணா, சரிங்கண்ணா" என்று கடைக்காரர் உடனே சுவரைப் பார்த்தார்.

அடுத்தது ஸ்டிக்கர். கணுக்கால், முட்டி, இடுப்பு மூன்றிலும் ஒரு வெள்ளைப் பொட்டு ஒட்ட வேண்டும். பெடலை மிதிக்கும்போது அந்தப் பொட்டுகளை வைத்துத்தான் கோணம் பார்த்து, சீட்டு எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று திரை சொல்லும். ஆம்பளை என்றால் கடைக்காரரே ஒட்டியிருப்பார். பொம்பளை என்பதால் மூன்று பொட்டையும் என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, தன் இடுப்பையே தட்டிக் காட்டினார். "இந்த எலும்பு மேடு இருக்குதுங்களேண்ணா, கரெக்ட்டா இதுக்கு மேலங்க."

கணுக்காலிலும் முட்டியிலும் இவர் ஒழுங்காகத்தான் ஒட்டினார். இடுப்பு வந்ததும் அந்த ஐ.டி. பையன்களை ஒரு பார்வை பார்த்தார். தபால் தலையை ஒட்டுவது போல டீ-ஷர்ட்டின் மேல் எங்கோ ஒரு இடத்தில் சட்டென்று ஒட்டிவிட்டு விலகிக்கொண்டார். நான் மிதிக்க ஆரம்பித்தேன். துணி ஆடியது, துணியோடு பொட்டும் ஆடியது. திரையில் என் இடுப்பு தன் இஷ்டத்துக்கு மேலும் கீழும் போய்வந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். மூன்று பேருக்கும் அது என் இடுப்பு இல்லை என்று தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பொட்டை நம்பித்தான் சீட்டின் உயரம் வைக்கப்பட்டது.

பிறகு முழங்கைகளை ஊன்றிப் படுக்கச் சொன்னார். சாதாரண சைக்கிளில் பின்பக்கம் இருக்கும் இரண்டு எலும்புகளின் மேல் உட்காருகிறோம். இப்படி முன்னால் படுத்தால் இடுப்பு உருண்டு, மொத்த எடையும் சீட்டின் ஒடுங்கிய மூக்கில் போய் இறங்கும். அந்த இடத்தில் எலும்பு கிடையாது. அங்கே என்ன இருக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். பத்தாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறவள் நான். இனப்பெருக்கப் பாடத்தை, "வீட்டுல படிச்சுக்கங்க" என்று சொல்லித் தாண்டுகிற டீச்சர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரிக்கிறவள். கரும்பலகையில் படம் வரைந்து ஒவ்வொரு பாகத்தையும் பெயர் சொல்லி நடத்துவேன். பிள்ளைகள் கமுக்கமாகச் சிரித்தால், "சிரிக்கறதுக்கு என்ன இருக்குது? இதுவும் ஒடம்புதான்" என்று அதட்டுவேன். எனக்கு அதில் கர்வம்கூட உண்டு.

படுத்த மறுநிமிடமே கத்தியால் குத்துவது போல இருந்தது.

"அண்ணா, அக்காவுக்கு எங்கயாச்சும் அழுத்துதுங்களான்னு கேளுங்க" என்றார் கடைக்காரர். நான் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தேன்.

இவர் என் பக்கம் திரும்பினார். "எங்கயாச்சும் அழுத்துதா?"

"இல்லீங்க."

"இல்லீங்களாம்."

மூன்று பேரும் பேசியது தமிழ்தான். இருந்தும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். தோளைக் கேட்டார், கழுத்தைக் கேட்டார், மணிக்கட்டைக் கேட்டார். அதற்கெல்லாம் நான் விளக்கமாகப் பதில் சொன்னேன். இடது முழங்கை கொஞ்சம் அகலமாக இருக்கிறது என்றேன், நகர்த்திக் கொடுத்தார். எவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறேன் என்று எனக்கே திருப்தியாக இருந்தது. கடைசியில் அவர், "சீட்டு...?" என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்காமல் கையிலிருந்த, திருகு முடுக்கும் எல்-கீயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்குதுங்க" என்றேன்.

அவர் பின்னாலிருந்த சுவரில் விதவிதமான சீட்டுகள் தொங்கின. மூக்கு இரண்டாகப் பிளந்து நடுவில் இடம் விட்ட சீட்டு ஒன்றும் அதில் இருந்தது. அதைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "ஓட்டிப் பாருங்கக்கா. ஏதாச்சும்னா போன் பண்ணுங்க. இல்லீன்னா அண்ணன்கிட்டச் சொல்லிப் பண்ணச் சொல்லுங்க" என்றார்.

திட்டுவதென்றாலும் ங்க போட்டுத் திட்டுகிற ஊர் எங்களுடையது. அந்த மரியாதையை வெளியூர்க்காரர்கள் புகழும்போது எனக்கும் மனசு குளிர்ந்து போகும். அன்றைக்கு அந்தக் கடையில் மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. ஆளாளுக்கு அடுத்தவர் கூச்சத்தைக் காப்பாற்றினோம். என் உடம்பைத்தான் யாரும் காப்பாற்றவில்லை. அதில் முதல் குற்றவாளி நானேதான்.

பயிற்சி ஆரம்பித்தது. விடிவதற்கு முன் பைபாஸில் நான் ஓட்ட, இவர் காரில் பின்னால் வருவார். முதலில் வலித்தது, பிறகு மரத்துப்போனது, அப்புறம் புண்ணாகிவிட்டது. பாத்ரூம் போனால் எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பள்ளியில் நின்றுகொண்டே பாடம் எடுத்தேன். ஸ்டாஃப் ரூமிலும் நின்றேன். "டீச்சருக்கு என்னா சுறுசுறுப்புங்க, உக்காரவே மாட்டீங்கறாங்க" என்று சக ஆசிரியை ஒருவர் பாராட்டினார். நான் அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

மருந்து வாங்க எங்கள் பகுதியில் போகாமல் ஆர்.எஸ்.புரம் வரை போனேன். தெரிந்த முகம் எதுவும் இல்லாத கடையாகப் பார்த்து, சூட்டுக் கொப்புளத்துக்கு மருந்து கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண், "எங்கீங்க வந்திருக்குது?" என்றாள். பெண்தான் அவளும். சுற்றிலும் ஆளே இல்லை. "முதுகுலங்க" என்றேன். முதுகுக்கு உண்டான மருந்தைக் கொடுத்தாள். அதைப் போட்டதும் எரிந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. தகும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்காரருக்குப் போன் செய்யலாம் என்று பல தடவை எடுத்தேன். எந்தச் சொல்லைச் சொல்வது? இங்கிலீஷில் சொன்னால் ஆஸ்பத்திரியில் பேசுவது போல இருக்கும். தமிழில் வாய்க்கு வரும் சொற்கள் எல்லாம் தெருச்சண்டையில் கேட்டவை. பாடப்புத்தகச் சொல்லை வகுப்பறைக்கு வெளியே யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை, நானும் சொன்னதில்லை. ஒருநாள் வாட்ஸ்அப்பில், "தம்பி, சீட்டு முன்னாடி கொஞ்சம்" என்று தட்டிவிட்டு அழித்தேன். அழித்த இடத்தில், "வண்டி சூப்பரா இருக்குங்க தம்பி" என்று எழுதிக் கட்டைவிரலையும் சேர்த்து அனுப்பினேன். அவரும் ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.

தேர்வு மதுக்கரை தாண்டி பைபாஸில் நடந்தது. டீ-ஷர்ட்டைக் காரிலேயே கழற்றி எறிந்துவிட்டு, ஒட்டிய உடையோடு அத்தனை பேர் நடுவில் நடந்து போனேன். அப்போது ஒரு கூச்சமும் இல்லை, போட்டி என்றால் எனக்கு வெட்கம் வராது. வண்டியைப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, விசில் ஊதினார்கள், கிளம்பினேன்.

போகும்போது எதிர்க்காற்று. ஆனால் அந்த வண்டி காற்றுக்குள் நுழைந்து போனதே, அதை என்னவென்று சொல்வேன்! கடைக்காரர் சொன்னது அத்தனையும் உண்மை. எனக்கு முன்னால் கிளம்பிய பெண் கண்ணுக்குத் தெரிந்தாள், நெருங்கினேன், தாண்டினேன். சிமெண்ட் லாரிகள் போகும் சர்வீஸ் ரோட்டோரம் நின்ற யாரோ கை தட்டினார்கள். இந்த முறை நான்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

பாதித் தூரம்கூட இல்லை, புண் திறந்துகொண்டது. பல்லைக் கடித்தேன். கொஞ்சம் எழுந்தேன், காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. மறுபடி படுத்தேன், முடியவில்லை. எழுந்தேன். திரும்பும் இடத்துக்கு வருவதற்குள் நான் படுப்பதையே விட்டுவிட்டேன். பந்தயத்துக்கென்றே வாங்கிய வண்டியில், பால்காரர் போல நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓட்டினேன். நான் தாண்டிப்போன பெண் என்னைத் தாண்டிப்போனாள். போகும்போது, "வாங்கக்கா, விட்றாதீங்க" என்று உற்சாகப்படுத்தினாள். நான் அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன், மனதுக்குள்தான்.

நான்காவதாக வந்தேன். சாதாரண சைக்கிளில் போன வருடம் ஓட்டியதைவிட மெதுவாக.

எல்லைக்கோட்டைத் தாண்டி வண்டியை விட்டு இறங்கியதும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். கடைக்காரரும் வந்திருந்தார். கடையை அடைத்துவிட்டு எனக்காகவே வந்திருக்கிறார். "என்னாச்சுங்கக்கா? நல்லாத்தான போயிட்டிருந்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சொன்னார். "முட்டிங்க தம்பி. முட்டி புடிச்சுப்போட்டுது."

அப்படி நான் யாரிடமும் சொல்லவில்லை. இருந்தாலும் தலையை ஆட்டினேன். போதாததற்குக் குனிந்து வலது முட்டியைப் பிடித்துக்கொண்டேன். முட்டி மரியாதையான இடம். நாலு பேர் நடுவில் பிடித்துக் காட்டலாம்.

கடைக்காரரின் முகம் விழுந்துவிட்டது. வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டுக் கம்பியைப் பார்த்தார். "முட்டி புடிச்சுதுன்னா சீட்டு ஒசரம் தப்புன்னுதானுங்க அர்த்தம். ஏந்தப்புதானுங்க" என்றார். பக்கத்தில் நின்ற ஒரு பயிற்சியாளர், ஃபிட்டிங் தெரியாதவர்கள் எல்லாம் கடை வைத்தால் இப்படித்தான் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அந்தத் தொளதொள டீ-ஷர்ட்டைப் பற்றி, அதில் ஆடிய பொட்டைப் பற்றிக் கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் மானத்துக்காக அதையும் விழுங்கிக்கொண்டார். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோற்றதுகூட அப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவர் தலைகுனிந்து நின்ற அந்தக் காட்சியைப் பார்த்தபோது, பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் என்னைச் சோபாவில் சாய்த்து, காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்து, ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி முட்டியில் வைத்தார். "இங்கயா? இன்னுங் கொஞ்சம் கீழயா?" என்று கேட்டுக் கேட்டு வைத்தார். "அங்கதானுங்க" என்றேன். ஒரு நோவும் இல்லாத முட்டி விறைத்துப்போனது.

அப்போது அவர் போன் அடித்தது. கடைக்காரர்தான். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. நாளைக்கே வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மறுபடி அளந்து சரி செய்து தருவதாகச் சொன்னார். அக்காவின் ஒரு வருட உழைப்பைப் பாழாக்கிவிட்டதாகச் சொன்னார். குரல் உடைந்திருந்தது. "அட, பரவாயில்லீங்க தம்பி, நடக்கறதுதானுங்க" என்று இவர் பெரிய மனதோடு மன்னித்துவிட்டுப் போனை வைத்தார்.

எனக்குத் தாங்கவில்லை.

"முட்டி இல்லீங்க" என்றேன்.

அவர் ஐஸை எடுக்கவில்லை. என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "தெரியும்" என்றார்.

"தெரியுமா? எப்ப இருந்துங்க?"

"கடையில படுக்கச் சொன்னப்பவே தெரியும். பையன் பொறந்தப்ப ஒதட்டக் கடிச்சயே, அதே மாதிரிக் கடிச்ச."

"அப்ப ஏனுங்க ஒரு வார்த்த கேக்கல?"

"அத்தன பேரு நிக்கற கடையில, அந்தத் தம்பி முன்னால, எப்படிப் புள்ள கேக்கறது?"

"செரி, ஊட்ல?" என்றேன். "ஊட்ல நம்ம ரெண்டு பேருதானுங்களே இருந்தோம்."

அவர் ஐஸ் சுற்றிய துண்டை முட்டியின் மேல் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். காது மடல் சிவந்து போயிற்று. எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒருவரை ஒருவர் மரியாதைக் குறைவாக ஒரு சொல் பேசியதில்லை. சொந்தக்காரர்கள் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை வந்தால், எங்களைக் காட்டித்தான் புத்தி சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். அன்றைக்கு, அந்தச் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது, அது எனக்கு முதன்முதலாக வெட்கமாக இருந்தது.